கதை இல்லாத ஆட்டத்தை எழுதிப் பழகுதல்: பதின்ம வயதினருக்குக் கலை இதழியல் வகுப்பு எடுப்பது எப்படி?

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையிடம் ஒரு சினிமா விமர்சனம் எழுதித் தரச் சொன்னால் என்ன வரும் என்று தமிழாசிரியர்களுக்குத் தெரியும். முக்கால் பக்கம் கதைச் சுருக்கம். அப்புறம் 'நடிப்பு அருமை, இசை பிரமாதம், இரண்டாம் பாதி கொஞ்சம் இழுவை.' கடைசியில் ஐந்துக்கு மூன்றரை. அந்தப் பிள்ளை படத்தைப் பார்த்ததற்கான தடயமே அதில் இருக்காது. டிரெய்லரையும் நாலு யூடியூப் விமர்சனத்தையும் பார்த்தவர்கூட அவ்வளவையும் எழுதிவிடலாம்.

சமகால நடனத்தில் இப்படித் தப்பிக்க முடியாது. பெரும்பாலும் கதை கிடையாது. பரதநாட்டியத்தில் பதமோ வர்ணமோ ஆடும்போது கைகொடுக்கிற பாட்டு வரியும் முத்திரையும் கிடையாது. மேடையில் சில உடல்கள், கொஞ்சம் வெளிச்சம், சில நேரம் ஏதோ ஒரு சத்தம். கண்ணால் பார்த்ததை எழுதினால்தான் உண்டு. கலை இதழியலுக்கு அடிப்படையான பழக்கமும் அதுதான் என்பதால், பதின்ம வயதினருக்கு இதை வைத்தே தொடங்கலாம் என்பது என் கட்சி.

பள்ளி ஆசிரியர், நூலகர், நடனப் பள்ளி நடத்துபவர், கல்லூரியில் இதழியல் படிக்கிற அண்ணன் அக்காமார் என யார் வேண்டுமானாலும் இந்த வகுப்பை எடுக்கலாம். உங்களுக்கு ஆடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. சென்னையை மனதில் வைத்து எழுதுகிறேன். மற்ற ஊர்க்காரர்கள் அரங்கின் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

தொடங்கும் முன்

பத்திலிருந்து பன்னிரண்டு பேர் போதும். அதற்கு மேல் போனால் எல்லோருடைய எழுத்தையும் சத்தமாக வாசித்துப் பேச நேரம் இருக்காது. வயது 13 முதல் 17 வரை. வாரம் ஒருமுறை, இரண்டு மணி நேரம், ஆறு அமர்வுகள் என்று திட்டமிடுங்கள். அதில் ஒன்று ஒத்திகையைப் பார்க்க, ஒன்று நிகழ்ச்சியைப் பார்க்க.

ஆளுக்கொரு நோட்டு, பென்சில், கைப்பிடி இல்லாத நாற்காலிகள், காணொளி காட்ட ஒரு டிவி அல்லது புரொஜெக்டர். இவ்வளவுதான் சாமான். பெற்றோருக்கு ஒரு கடிதம் முதல் நாளே போக வேண்டும்: நிகழ்ச்சி எத்தனை மணிக்கு முடியும், பிள்ளைகளை யார் வீட்டில் கொண்டுபோய் விடுவார்கள், எழுதுவது எங்கே வெளியாகும், புகைப்படம் எடுப்போமா என்ற நான்கும் அதில் இருக்கட்டும். பெண் பிள்ளைகள் பாதியில் நின்றுவிட இரவு எட்டரை மணிக்கு வீடு திரும்புகிற பிரச்சினை ஒன்றே போதும். அதை முதலிலேயே தீர்த்துவிடுங்கள்.

காட்டப் போகும் படைப்பை முழுசாக நீங்கள் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சமகால நடனத்தில் உடலைப் பற்றிய கூச்சம் குறைவு. பதின்மூன்று வயதுக்கு எது சரி, எது வேண்டாம் என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். சந்தேகம் இருந்தால் ஏற்பாட்டாளர்களையே கேளுங்கள், சொல்லிவிடுவார்கள்.

இன்னொன்று. 'கன்டெம்பரரி' என்றதும் பிள்ளைகளுக்கு டிவி நடனப் போட்டிதான் ஞாபகம் வரும்: சோகப் பாட்டு, தூக்கிச் சுழற்றல், நடுவர் கண்ணில் கண்ணீர். அதைக் கேலி செய்ய வேண்டாம். அதுவும் ஒரு வழிதான், வேறு வழிகளும் இருக்கின்றன என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

முதல் அமர்வு: நாற்காலியில் உட்கார வையுங்கள்

எழுத்தை ஆரம்பிக்கும் முன் உடம்பை ஆரம்பிக்க வேண்டும். இதற்கு என் முதல் தேர்வு, பெல்ஜிய நடன அமைப்பாளர் ஆன் தெரேசா டி கீர்ஸ்மேக்கர் 1983இல் உருவாக்கிய 'ரோசாஸ் டான்ஸ்ட் ரோசாஸ்'. நான்கு பெண்கள் ஆடும் படைப்பு. அதன் இரண்டாம் பகுதி முழுக்க நாற்காலியில் நடக்கிறது. தலை சரிகிறது, கை முடியைக் கோதுகிறது, கால் மேல் கால் ஏறி இறங்குகிறது, உடல் முன்னால் மடிகிறது, சட்டென்று நிமிர்கிறது. எல்லாம் நாம் பஸ்ஸுக்குக் காத்திருக்கையில் செய்கிற அசைவுகள். ஆனால் திரும்பத் திரும்ப, எண்ணிக்கை பிசகாமல், வேகம் கூடிக்கொண்டே போகிறது.

2013இல் 'ரீ:ரோசாஸ்' என்ற பெயரில் இந்த நாற்காலிப் பகுதியை யார் வேண்டுமானாலும் கற்றுக்கொண்டு தங்கள் பாணியில் ஆடிப் படம்பிடித்து அனுப்பலாம் என்று டி கீர்ஸ்மேக்கரின் ரோசாஸ் குழுவே அழைத்தது. அசைவுகளைப் படிப்படியாகச் சொல்லித்தரும் காணொளிகள் இணையத்தில் உண்டு. ஒரு சின்னத் துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு, பிள்ளைகளை இருபது நிமிடம் ஆட விடுங்கள். சட்டையைத் தோளிலிருந்து சற்று இழுத்து, மறுபடி சரிசெய்கிற அசைவு ஒன்று வரும். நம் ஊர்ப் பள்ளியில் அதை விட்டுவிட்டால் குடி முழுகிப் போகாது.

ஆட்டம் சரியாக வராது. வர வேண்டியதும் இல்லை. மூச்சு வாங்க உட்கார்ந்ததும் ஒரே ஒரு கேள்வி: "எது கஷ்டமாக இருந்தது?" தலையைச் சும்மா விழ விடுவதுதான் கஷ்டம் என்று ஒருவர் சொல்வார். பக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்து நிறுத்துவது என்பார் இன்னொருவர். அதை அப்படியே நோட்டில் எழுதச் சொல்லுங்கள். தன் கழுத்தில் பட்ட கஷ்டம் தெரிந்த பிள்ளை, மேடையில் ஒரு கழுத்து அனாயாசமாக விழுவதைப் பார்க்கும்போது 'அழகாக ஆடினார்' என்று எழுதத் தயங்கும்.

இரண்டாம் அமர்வு: வினைச்சொல் சேகரிப்பு

கபடியிலிருந்து ஆரம்பியுங்கள். பாடிப் போகிறவர் கோட்டைத் தாண்டியதிலிருந்து திரும்புகிற வரை என்ன செய்கிறார் என்று கேளுங்கள். பம்முவார், தாவுவார், போக்குக் காட்டுவார், காலை நீட்டித் தொடுவார், திமிறுவார், எம்புவார், நழுவுவார், உருள்வார். ஐந்து நிமிடத்தில் பலகை நிறைந்துவிடும். அசைவைச் சொல்லத் தமிழில் சொல் இல்லை என்று புலம்புகிறவர்கள் ஒருமுறை இந்தப் பலகையைப் பார்க்க வேண்டும்.

அப்புறம் உடல் உறுப்புகள். முழங்கை, கணுக்கால், குதிகால், விலா, தோள்பட்டை, பிடரி, கெண்டைக்கால், உள்ளங்கால். கை, கால், தலை என்று மூன்றோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் எழுதும் நடனக் கட்டுரை மூன்று அசைவோடு முடிந்துவிடும்.

இப்போது தடைப் பட்டியல் ஒன்றைச் சுவரில் ஒட்டுங்கள்: அற்புதம், அருமை, பிரமாதம், கண்கொள்ளாக் காட்சி, மெய்சிலிர்க்க வைத்தது, கட்டிப்போட்டது, அரங்கம் அதிர்ந்தது. இவற்றை எழுதினால் ஒரு ரூபாய் அபராதம். உண்டியல் வைத்து வசூலித்துக் கடைசி நாளில் பஜ்ஜி வாங்கலாம்.

பிறகு ஒரு நிமிடக் காணொளி, சத்தத்தை அணைத்துவிட்டு. இரண்டு முறை ஓடட்டும். முதல் தடவை பார்க்க மட்டும், இரண்டாவது தடவை எழுத. குந்தியிருக்கும் ஒருவர் மிக மெதுவாக எழுவது போன்ற எளிய துண்டாக எடுங்கள். முதல் வரைவு இந்த மாதிரி இருக்கும்:

'நடனக் கலைஞர் தன் உடல்மொழியால் சோகத்தை மிக அற்புதமாக வெளிப்படுத்தினார். பார்வையாளர்களைக் கட்டிப்போட்டது.'

இரண்டு ரூபாய் அபராதம் ஆயிற்று. திட்டாதீர்கள், கேள்வி கேளுங்கள். எந்த உடல்மொழி? சோகம் என்று உனக்கு எந்த நொடியில் தோன்றியது? அந்த நொடியில் தலை எங்கே இருந்தது, கை எங்கே இருந்தது? பார்வையாளர்கள் என்றால் யார், இந்த அறையில் நாம்தானே இருக்கிறோம்? திரும்பக் காணொளியைப் போட்டு, பத்து நிமிடம் கொடுங்கள்.

'அவர் குந்தியிருந்தார். எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். இடுப்பு மேலே வந்தது, தலை வரவில்லை. இரண்டு உள்ளங்கையும் தரையை விடவே இல்லை. முதுகு முழுவதும் வளைந்து நின்றபின், கடைசியாகத் தலை வந்தது. கண் மூடியிருந்தது.'

இதில் சோகம் என்ற சொல் இல்லை. ஒருவருக்கு இது சோகமாகப் படும்; இன்னொருவர், "இல்ல மிஸ், எங்க பாட்டி இப்படித்தான் எந்திரிப்பாங்க, மூட்டு வலி" என்பார். நல்ல சண்டை. நடக்கட்டும். ஆனால் ஒரு நிபந்தனை: யார் என்ன பொருள் சொன்னாலும், எந்த அசைவைப் பார்த்து அப்படிச் சொல்கிறார் என்று காட்ட வேண்டும். மூன்று அடுக்கு இங்கேயே பிரிந்துவிடுகிறது: பார்த்தது, அதற்கு நான் கொள்ளும் பொருள், அது பற்றி என் தீர்ப்பு. தீர்ப்பை ஆறாவது அமர்வு வரை தள்ளிப்போடுங்கள். பதினைந்து வயதுக்குத் தீர்ப்பு சொல்லச் சொல்லித்தர வேண்டியதே இல்லை, தானாக வரும்.

"ஒண்ணுமே புரியல சார்"

இந்த வாக்கியம் கட்டாயம் வரும், அநேகமாக இரண்டாவது அமர்விலேயே. அதற்குப் பதிலாக நடன அமைப்பாளரின் நோக்கத்தை நீங்கள் விளக்க ஆரம்பித்தால் வகுப்பு கெட்டது. பிள்ளைகள் உங்கள் விளக்கத்தைக் குறிப்பெடுத்து அப்படியே கட்டுரையில் ஏற்றிவிடுவார்கள்.

புரியாமையைச் செய்தி மாதிரி விசாரியுங்கள். எந்த இடம் வரை கவனித்தாய்? எப்போது கடிகாரத்தைப் பார்த்தாய்? அதற்குச் சற்று முன்னால் மேடையில் என்ன நடந்தது? மறுபடி எப்போது நிமிர்ந்து உட்கார்ந்தாய்? 'ஒரே அசைவு ஏழாவது முறை வந்தபோது எனக்கு அலுத்துவிட்டது. ஒன்பதாவது முறை ஒரு பெண் மட்டும் அரை நொடி தாமதித்தாள், அங்கிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்' என்று எழுதுகிற பிள்ளைக்குப் புரியவில்லை என்று யார் சொல்ல முடியும்?

அலுப்பு தகவல்தான், எழுதலாம். நான்கு பேர் ஒருவரையொருவர் தொடாமலே அரை மணி நேரம் ஆடினால் அதுவும் தகவல்தான்.

மூன்றாம் அமர்வு: வீட்டுப்பாடம், அதாவது பின்னணி

கண்ணால் பார்த்ததை மட்டும் எழுது என்று இரண்டு வாரமாகச் சொல்லிவிட்டு, இப்போது கொஞ்சம் மாற்றிப் பேச வேண்டும். சில விஷயங்கள் தெரியாவிட்டால் கண் முன்னால் இருப்பதும் தெரியாது. அதைச் சொல்ல நடன அமைப்பாளர் சந்திரலேகாவை விடச் சிறந்த உதாரணம் கிடைக்காது.

சந்திரலேகா 1928இல் மகாராஷ்டிரத்தில் பிறந்தவர். சென்னைக்கு வந்து காஞ்சிபுரம் எல்லப்பப் பிள்ளையிடம் பரதநாட்டியம் கற்றார். 1952இல் அவருடைய அரங்கேற்றம் ராயலசீமா வறட்சி நிவாரண நிதிக்காக நடந்தது. அன்று அவர் ஆடிய உருப்படிகளில் ஒன்று 'மதுரா நகரிலோ'. யமுனையில் விளையாட்டு, நீர் தெளிப்பது, நதியின் பெருக்கு என்று போகும். ஆடிக்கொண்டிருக்கும்போதே அவருக்கு உறைத்திருக்கிறது: வெடித்துக் கிடக்கும் நிலத்துக்காக நிதி திரட்டும் மேடையில் நான் தண்ணீரைப் பெருக்கெடுக்க விட்டுக்கொண்டிருக்கிறேன். இதை அவரே பிற்பாடு பலமுறை சொல்லியிருக்கிறார்.

இந்தக் கதையைச் சொல்லிவிட்டு ஒரு பயிற்சி: அன்று மாலை நீங்கள் அரங்கில் இருந்த நிருபர். 150 சொல்லில் செய்தி எழுதுங்கள். நிதி வசூல் நிகழ்ச்சி என்பது எந்த வரியில் வரும்? நதியும் வறட்சியும் மோதுவது உங்கள் கண்ணில் பட்டிருக்குமா? ஆடியவரின் மனதில் நடந்தது உங்களுக்குத் தெரியாது, அவர் பிறகு சொன்னதால்தான் நமக்குத் தெரிகிறது. அப்படியானால் அதை எப்படி எழுதுவது? பேட்டி எடுக்காமல் 'அவர் உணர்ந்தார்' என்று எழுதக் கூடாது என்பதைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

பின்னாளில் நீண்ட காலம் மேடையிலிருந்து விலகியிருந்த சந்திரலேகா, 1985இல் 'அங்கிகா'வோடு திரும்பினார். பரதத்தின் அடவோடு களரிப்பயட்டையும் யோகத்தையும் சேர்த்தார். கடவுள் கதையையும் நாயகி பாவத்தையும் கழற்றி வைத்தார். 1989இல் வந்த 'லீலாவதி' பாஸ்கராச்சாரியரின் கணித நூலை வைத்துச் செய்தது. கணக்கு வராத பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் ஆச்சரியம் தாங்காது. 2001இல் 'சரீரா': கவிஞர் டிஷானி தோஷியும் களரிக் கலைஞர் ஷாஜி ஜானும் குந்தேச்சா சகோதரர்களின் துருபத் என்ற வடஇந்தியச் செவ்வியல் இசைக்கு ஆடியது. மிக மிக மெதுவான படைப்பு. பெசன்ட் நகரில் எலியட்ஸ் கடற்கரை அருகே அவர் வாழ்ந்த இடத்தில்தான் 'ஸ்பேசஸ்' அரங்கு. அவரிடம் ஆடிய பத்மினி செட்டூர் தனக்கென ஒரு வழி கண்டவர். பிரீதி ஆத்ரேயா குதித்தலையே பொருளாக வைத்து ஒரு படைப்பு செய்திருக்கிறார். சென்னையில் சமகால நடனம் பார்க்கப் போகும் பிள்ளைக்கு இந்த ஒரு பக்கப் பின்னணி போதும்.

ஆனால் கட்டுரையில் ஒரே ஒரு பின்னணித் தகவலுக்குத்தான் இடம். எது என்று பிள்ளை தேர்ந்தெடுக்கட்டும். கூகுள் செய்ததையெல்லாம் கொட்டுகிற ஆசை பெரியவர்களுக்கே அடங்குவதில்லை.

செய்தி வேறு, விமர்சனம் வேறு: ஒரு சின்னப் பயிற்சி

மீண்டும் ரோசாஸ். 2011இல் அமெரிக்கப் பாடகி பியான்சேயின் 'கவுன்ட்டவுன்' பாடல் காணொளி வந்தபோது, அதன் சில காட்சிகள் 'ரோசாஸ் டான்ஸ்ட் ரோசாஸ்' ஆட்டத்தைப் படமாக்கியதிலிருந்தும் டி கீர்ஸ்மேக்கரின் இன்னொரு படைப்பான 'அக்டர்லாண்ட்' என்பதிலிருந்தும் எடுக்கப்பட்டவை என்ற சர்ச்சை எழுந்தது. டி கீர்ஸ்மேக்கர் பகிரங்கமாகவே ஆட்சேபித்தார். அந்தப் படைப்புகள் தனக்கு உந்துதலாக இருந்ததைப் பியான்சே ஒப்புக்கொண்டார்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட விட்டு 200 சொல்லில் செய்தி எழுதச் சொல்லுங்கள். 'திருடினார்' என்று யாராவது எழுதினால், அதை யார் சொன்னது என்று கேளுங்கள். எந்த அசைவு, எந்த உடை, எந்தக் கட்டடம் ஒத்துப்போகிறது என்று வரிசையாகச் சொல்லலாம். அது கண்ணால் பார்த்தது. திருட்டா இல்லையா என்பது தரப்பு, அதைத் தரப்பாகத்தான் எழுத வேண்டும். 2013இல் டி கீர்ஸ்மேக்கர் அதே அசைவுகளை உலகத்துக்கே திறந்துவிட்டார் என்பதைக் கடைசியில் சொல்லுங்கள். "அப்போ முதல்ல எதுக்குக் கோவப்பட்டாங்க?" என்று ஒரு குரல் வரும். நடனத்துக்கு உரிமையாளர் யார் என்ற விவாதத்துக்கு மிச்ச நேரம் போய்விடும். அந்த நேரம் வீணல்ல.

நான்காம் அமர்வு: ஒத்திகையும் பேட்டியும்

ஒத்திகையைப் பார்க்க அனுமதி கேட்பது நீங்கள் நினைப்பதைவிடச் சுலபம். சமகால நடனக் கலைஞர்களைத் தேடி வந்து பேட்டி கேட்கிறவர்கள் குறைவு. பன்னிரண்டு பேரை ஒரே நேரத்தில் அழைத்துப் போகாதீர்கள். மூவர் மூவராகப் பிரித்து அனுப்பினால் நல்லது. ஒத்திகையில் படம் எடுப்பது அவர்கள் சம்மதித்தால் மட்டுமே.

'உங்களுக்கு நடனத்தில் ஆர்வம் எப்படி வந்தது?', 'இளைஞர்களுக்கு என்ன சொல்ல விரும்புகிறீர்கள்?' இந்த இரண்டையும் கேட்கக் கூடாது. பதில் ஏற்கெனவே மனப்பாடமாக இருக்கும். பதிலாக, கையால் தொட்டுக் காட்டக் கூடிய கேள்விகள்:

"அக்கா, போன வாரம் இருந்து இந்த வாரம் எதை மாத்தினீங்க?"
"எந்த அசைவை வேணாம்னு தூக்கிப் போட்டீங்க?"
"அந்த இடத்துல ரெண்டு பேரும் எப்படி ஒரே நேரத்துல நிறுத்துறீங்க? யாராவது எண்றீங்களா?"
"எங்க வலிக்கும்?"

கடைசிக் கேள்விக்குக் கிடைக்கிற பதில் பெரும்பாலும் கட்டுரையின் தொடக்க வரியாகவே ஆகிவிடும். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்கவும் பழக்க வேண்டும். பதில் சொல்லி முடித்தவர் மௌனத்தைப் பார்த்துத்தான் உண்மையான இரண்டாவது வாக்கியத்தைச் சொல்வார்.

சென்னையில் இன்னொரு சிக்கல். கலைஞர் ஆங்கிலத்தில் பேசுவார், பிள்ளை தமிழில் எழுதும். மேற்கோள் குறிக்குள் போடுகிற வாக்கியத்தை எழுதியபின் அவரிடம் தமிழில் வாசித்துக் காட்டி, நீங்கள் சொன்னது இதுதானா என்று கேட்டுவிடுவது நல்லது. முடியாவிட்டால் மேற்கோள் குறி போடாமல் அயற்கூற்றாக எழுதலாம். பெயரைத் தமிழில் எப்படி எழுதுவது என்பதையும் அங்கேயே கேளுங்கள். நோட்டில் அவரையே எழுதித் தரச் சொன்னால் இன்னும் நல்லது. முழுக் கட்டுரையை வெளிவரும் முன் காட்டச் சொன்னால் மட்டும் மரியாதையாக மறுக்கப் பழக்குங்கள்: "மேற்கோளைக் காட்டுறேன்க்கா, கட்டுரையை எங்க ஆசிரியர்தான் பார்ப்பாங்க."

ஐந்தாம் அமர்வு: நிகழ்ச்சி

சென்னையில் டிசம்பர் சீசனின் நடன மேடைகளில் பெரும்பாலும் பரதநாட்டியம்தான் நிரம்பியிருக்கும். சமகால நடனம் தேட வேண்டும். நுங்கம்பாக்கத்துப் பிரெஞ்சுப் பண்பாட்டு மையமான அலையான்ஸ் பிரான்சேஸ், ஜெர்மன் மையமான கதே இன்ஸ்டிட்யூட், பெசன்ட் நகர் ஸ்பேசஸ் ஆகியவற்றின் நிகழ்ச்சி அறிவிப்புகளைத் தொடர்ந்து பார்த்துவந்தால் ஏதாவது சிக்கும். பல நிகழ்ச்சிகளுக்கு அனுமதி இலவசம். கட்டண நிகழ்ச்சிக்கு இலவசமாக உள்ளே விட்டால், அதைக் கட்டுரையில் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும்.

முதல் வரிசைக்கு ஓட வேண்டாம். சமகால நடனத்தில் பாதி தரையில் நடக்கும். தரை சமதளமான அரங்கில் முன்னால் இருப்பவர் தலை மறைத்தால் உருள்வது, ஊர்வது எதுவும் தெரியாது. படிக்கட்டு இருக்கைகள் இருந்தால் நடு உயரம். கைபேசியை அணைத்துப் பையில் போட்டுவிட வேண்டும், திரையின் வெளிச்சத்தில் குறிப்பெடுப்பது பக்கத்து இருக்கைக்குக் கொடுமை. இருட்டில் எழுதப் பெரிய எழுத்து, பக்கத்துக்கு மூன்று நான்கு சொல், உடனே அடுத்த பக்கம். நோட்டு வீணாகத்தான் செய்யும். மேடையை விட்டுக் கண்ணை எடுக்காமல் எழுதுவதை வகுப்பில் விளக்கை அணைத்து ஒருமுறை பழக்கிவிடுங்கள்.

முடிந்ததும் யாரும் பேசக் கூடாது. வெளியே வந்து படியிலோ திண்ணையிலோ உட்கார்ந்து பத்து நிமிடம் மௌனமாக எழுத வேண்டும். "செம மொக்கை" என்று ஒருவர் சத்தமாகச் சொல்லிவிட்டால் மற்ற பதினொரு பேருக்கும் அது ஒட்டிக்கொள்ளும். எழுதி முடித்தபின் டீக்கடையில் எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடலாம்.

ஆறாம் அமர்வு: எழுதுவதும் வெட்டுவதும்

கெடு மறுநாள் காலை பதினொரு மணி. 350 சொல். கெடு தாண்டினால் வாங்கக் கூடாது. இரண்டு நாள் விட்டால் நினைவிலிருந்து உடல்கள் போய்விடும், கருத்துகள் மட்டும் தங்கும்.

ஒரு அசைவிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். யார், எங்கே, எப்போது, படைப்பின் பெயர், நடன அமைப்பாளர், இசை, ஒளியமைப்பு இவையெல்லாம் முதல் நூறு சொல்லுக்குள் வந்துவிட வேண்டும். ஒளியமைப்பாளரைத்தான் எல்லோரும் மறப்பார்கள். பாதிக்கு மேல் விவரிப்பு இருக்கட்டும். பிறகு ஒரு பின்னணித் தகவல், பேட்டியிலிருந்து ஒரு வாக்கியம், பொருள், தீர்ப்பு. தீர்ப்பு ஒரு வரியாக இருந்தாலும் போதும், ஆனால் விவரித்ததிலிருந்து அது வந்திருக்க வேண்டும்.

கட்டுரையோடு இருட்டில் கிறுக்கிய நோட்டையும் வாங்கிக்கொள்ளுங்கள். சாட்ஜிபிடியைத் தடைசெய்து பிரசங்கம் பண்ணுவதைவிட இது பலிக்கும். நேற்று மாலை அந்த அரங்கில் அது இல்லை. மூன்றாவது ஆடுபவரின் குதிகால் நழுவியதை அதனால் எழுத முடியாது.

வெட்டும்போது ஒவ்வொருவர் எழுத்தையும் இன்னொருவர் சத்தமாக வாசிக்கட்டும். எழுதியவர் கேட்க மட்டும் செய்வார். அமெரிக்க நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் வகுத்த கருத்துப் பகிர்வு முறை ஒன்று உண்டு: முதலில் எது மனதில் நின்றது என்று சொல்வது, பிறகு படைத்தவர் கேள்வி கேட்பது, அப்புறம் மற்றவர்கள் சாய்வில்லாத கேள்வி கேட்பது, கடைசியில் அனுமதி கேட்டுக் கருத்து சொல்வது. ஆட்டத்துக்காக வகுத்தது, எழுத்துக்கும் அப்படியே பொருந்துகிறது.

உடலைப் பற்றி எழுதும்போது

இந்தப் பகுதியை மட்டும் அவசரப்படாமல் செய்யுங்கள். பதின்ம வயதில் அடுத்தவர் உடலைப் பற்றிய பேச்சு எப்படி இருக்கும் என்று தெரியும். குண்டு, ஒல்லி, கறுப்பு, 'ஆம்பளை மாதிரி'. அது கட்டுரைக்குள் வந்தே தீரும்.

2010இல் நியூயார்க் டைம்ஸின் நடன விமர்சகர் அலஸ்டேர் மெக்காலே, நியூயார்க் சிட்டி பாலே குழுவின் 'நட்கிராக்கர்' என்ற பாலே பற்றி எழுதும்போது, ஜெனிஃபர் ரிங்கர் என்ற கலைஞர் இனிப்பு ஒன்று அதிகமாகத் தின்றுவிட்டவர் போல இருக்கிறார் என்று கிண்டலாக எழுதினார். ரிங்கர் உணவுக் கோளாறால் அவதிப்பட்டு மீண்டவர். பெரிய கண்டனம் எழுந்தது. பாலேயில் உடலைப் பற்றிப் பேசுவது பொருத்தமானதுதான் என்று விமர்சகர் தன் தரப்பை வாதாடினார். இரண்டு பக்கத்தையும் சொல்லி, வகுப்பையே முடிவு செய்ய விடுங்கள். நான் வைத்துக்கொள்ளும் விதி எளிது: உடல் என்ன செய்தது என்று எழுதலாம், எப்படி இருக்கிறது என்று எழுதக் கூடாது. விதிவிலக்கு உண்டா என்று கேட்பார்கள். நடன அமைப்பாளரே உடலின் பருமனையோ வயதையோ நிறத்தையோ படைப்பின் பொருளாக வைத்திருந்தால் எழுதித்தான் ஆக வேண்டும்.

பார்க்காததை விமர்சிப்பது இன்னொரு பாவம். 1994இல் ஆர்லின் குரோச் என்ற புகழ்பெற்ற அமெரிக்க விமர்சகர், பில் டி. ஜோன்ஸின் 'ஸ்டில்/ஹியர்' என்ற படைப்பைப் பார்க்கவே மறுத்து, ஏன் பார்க்கவில்லை என்று நியூயார்க்கர் இதழில் நீண்ட கட்டுரை எழுதினார். உயிருக்கு ஆபத்தான நோய் கொண்டவர்களின் அனுபவங்களிலிருந்து உருவான படைப்பு அது. அதை விமர்சிக்க முடியாதபடி தன்னை ஒரு மூலைக்குத் தள்ளுகிறார்கள் என்பது அவர் வாதம். சுவாரசியமான வாதம்தான். இருந்தாலும் பார்த்துவிட்டு எழுதியிருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கடும் விமர்சனம் எழுதினால் என்ன ஆகும் என்று கேட்டால், 2023 பிப்ரவரியில் ஜெர்மனியின் ஹனோவரில் நடந்ததைச் சொல்லுங்கள். அங்கிருந்த பாலே இயக்குநர் மார்கோ கோக்கே, இடைவேளையில் விமர்சகர் வீபகே ஹூஸ்டரின் முகத்தில் நாய் மலத்தைப் பூசினார். வேலை போயிற்று. வகுப்பு ஐந்து நிமிடம் சிரித்து அடங்கட்டும். பிறகு, ஒருவரை இவ்வளவு புண்படுத்தும் வல்லமை எழுத்துக்கு இருக்கிறது என்பதையும், அதற்காக அவர் செய்தது நியாயமாகிவிடாது என்பதையும் அவர்களே பேசிக்கொள்வார்கள்.

தமிழில் கிண்டலான கலை விமர்சனத்துக்கு நல்ல பரம்பரை உண்டு. ஆனந்த விகடனில் 'கர்நாடகம்' என்ற பெயரில் கல்கி எழுதியவை, பிற்பாடு இசை, நடன விமர்சகர் சுப்புடுவின் குத்தல்கள். பிள்ளைகளுக்கு அந்த ருசி சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். வாசிக்கக் கொடுங்கள், ஆனால் கூடவே ஒன்றைக் காட்டுங்கள்: அவர்களுக்கு எது சரியாகப் பாடப்பட வேண்டும் என்று காதில் இருந்தது. அந்தக் காது வரும் முன் நாக்கை நீட்டினால் மீம் ஆகும், விமர்சனம் ஆகாது.

வெளியிடுதல்

பள்ளிச் சுவர்ப் பத்திரிகை, நூலக அறிவிப்புப் பலகை, ஒரு நிமிடக் குரல் பதிவோடு இன்ஸ்டாகிராம் என்று எங்காவது வெளியாகியே ஆக வேண்டும்; நோட்டிலேயே கிடந்தால் அது கட்டுரைப் பயிற்சிதான். இணையத்தில் போடும்போது பிள்ளைகளின் முழுப் பெயர், பள்ளி, படம் மூன்றையும் சேர்த்துப் போடாதீர்கள். எழுதியவர் பெயர் போடும் இடத்தில் முதல் பெயரும் வயதும் போதும். ஆடியவர் தன் சொந்த நடன ஆசிரியராகவோ தோழியின் அக்காவாகவோ இருந்தால் கட்டுரையின் அடியில் ஒரு வரி குறிப்பு.

கட்டுரையின் இணைப்பை நடன அமைப்பாளருக்கு நீங்களே அனுப்புங்கள். பாராட்டு வந்தால் வாசித்துக் காட்டலாம். கோபமாக ஏதாவது வந்தால் பிள்ளைக்கு நேரே அனுப்பாமல் முதலில் நீங்கள் படியுங்கள். கருத்து வேறுபாடாக இருந்தால் அவர் பதிலை அதே இடத்தில் வெளியிடலாம். தகவல் பிழையாக இருந்தால், உதாரணமாக இசையமைப்பாளர் பெயர் மாறியிருந்தால், எழுதிய பிள்ளையே திருத்தம் எழுத வேண்டும்: எது தவறாக வந்தது, எது சரி, எந்தத் தேதியில் திருத்தினோம் என்று இரண்டு வரி. கட்டுரை ஒட்டிய அதே பலகையில், அதே அளவு எழுத்தில்.